புகார்க் குழுவில் ‘இரு தரப்பு நியாயம்’: யாருக்காகப் பிடிக்கும் குடை?

ஒரு வாசகரின் கேள்வி: “கல்லூரிகளில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருப்பதே மாணவிகளுக்காக. அதில் உட்கார்ந்துகொண்டு ‘இரு தரப்பையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும்’ என்று பேசுவது, தப்பு செய்தவனுக்குக் குடை பிடிப்பது. ஆறு ஆண்டுகள் குழுவில் இருந்தேன் என்கிறீர்கள். எத்தனை பேருக்குக் குடை பிடித்தீர்கள்?”

அக்டோபர் 4, 2025

ஒருவருக்கு. அதுவும் மழை விட்ட பிறகு.

முதல் மூன்று ஆண்டுகள் உறுப்பினர், அடுத்த மூன்று ஆண்டுகள் தலைவர். கல்லூரியின் பெயரைக் கேட்காதீர்கள். உள்ளே நுழையும்போது நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். ஒரு பெண் துணிந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள், நாம் அவள் பக்கம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று. அந்த நினைப்பில் நான் செய்த ஒரு காரியம் அந்தப் பெண்ணையே திரும்ப அடித்தது. அதை இன்று எழுத மனம் வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

அக்டோபர் 5

முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா தீர்ப்பில் வழிகாட்டு நெறிகளைத் தந்தது. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வர 2013 ஆயிற்று. கல்லூரிகளுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் தனியாக இருக்கின்றன. புகார் வந்த ஏழு நாளில் எதிர்த்தரப்புக்கு நகல் போக வேண்டும். அவர் பத்து நாளில் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதன்பின் பத்து நாளில் அறிக்கை. அதன்மேல் நிர்வாகம் 60 நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். முடிவின் நகல் இரண்டு பேருக்கும் தரப்பட வேண்டும். மேல்முறையீடு இரண்டு பேருக்கும் உண்டு.

‘இரண்டு பேருக்கும்’ என்று நான் இட்டுக்கட்டவில்லை. விதியிலேயே இருக்கிறது.

அக்டோபர் 5, இரவு

பிழை. நிர்வாகத்துக்கு 60 நாள் என்றது 2013 சட்டத்தின் கணக்கு. மானியக் குழுவின் விதிமுறையில் அது 30 நாள். மேல்முறையீட்டுக்கும் அங்கே 30 நாள்தான், சட்டத்தில் 90. ஆறு ஆண்டு குழுவில் இருந்தவள் இதைத் தவறாக எழுதுகிறேன் என்றால், திடீரென்று குழுவுக்குள் தள்ளப்பட்ட விலங்கியல் பேராசிரியர் என்ன செய்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 7

இன்னொருவர் நேரெதிராக எழுதியிருக்கிறார்: “பையனுக்கு அங்கே வாயே இல்லை. பெண் சொன்னால் முடிந்தது.” ஒரே வாரத்தில் ஒருவருக்கு நான் குற்றவாளியின் குடை, இன்னொருவருக்கு ஆண்களின் தூக்குமேடை. இரண்டு பேரும் ஒரு நாளாவது அந்த அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அறை என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் குழுவுக்குத் தந்த அறை சிற்றுண்டிச்சாலைக்கு எதிரே. கண்ணாடிக் கதவு. கதவுக்கு மேலே ‘உள்ளகப் புகார்க் குழு’ என்று ஒரு முழ நீளத்துக்குப் பெயர்ப்பலகை. உள்ளே யார் போகிறார்கள், எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்று டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். விசாரணை விவரத்தை வெளியே சொன்னால் 5,000 ரூபாய் அபராதம் என்கின்றன 2013ஆம் ஆண்டு விதிகள். எங்கள் சிற்றுண்டிச்சாலையில் அதை ஒழுங்காக வசூலித்திருந்தால் இன்னொரு மாடி கட்டியிருக்கலாம்.

விசாரணை நாட்களில் எங்கள் இடத்தை நூலகத்தின் பின்பக்க அறைக்கு மாற்ற நான்கு மாதம் கடிதம் எழுதினேன். அது புகார் கொடுத்தவளுக்காகவா, எதிர்த்தரப்புக்காகவா? நீங்களே சொல்லுங்கள். யாருடைய அடையாளமும் வெளியே வரக்கூடாது என்பதுதான் விதி. சாட்சியின் பெயரும் அதில் அடக்கம்.

அக்டோபர் 8

“அவனுக்கு வாயே இல்லை” என்றவருக்கு மட்டும். பாதி சரி. எங்கள் இரண்டாம் ஆண்டில் வந்த புகார் ஒன்று. வகுப்புத் தோழி எழுதிக் கொடுத்தாள்; தொடர்ந்து குறுஞ்செய்திகள், பின்தொடர்தல், ஒரு முறை கையைப் பிடித்து நிறுத்தியது. புகார் எங்கள் கையில் வந்த அன்று மாலையே நிர்வாகம் அவனை வளாகத்துக்குள் வரக் கூடாது என்று எழுதிவிட்டது. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் எதிர்க்கவில்லை. ‘நடவடிக்கை எடுத்தோம்’ என்று காட்ட அது வசதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விதிமுறையில் இடைக்காலப் பாதுகாப்பு என்று பல படிகள் உண்டு. யாராவது ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றலாம், புகார் கொடுத்தவருக்கு விடுப்பு தரலாம், எதிர்த்தரப்பு விலகியிருக்க வேண்டும் என்று எச்சரிக்கலாம். வளாகத்துக்குள் நுழையவே தடை என்பது திட்டவட்டமான அச்சுறுத்தல் இருந்தால் மட்டும். நாங்கள் முதல் படியில் கால் வைக்காமல் மொட்டைமாடிக்குத் தாவிவிட்டோம்.

விசாரணை 80 நாள் நடந்தது. அவன் செய்தது உண்மை என்றுதான் முடிவுக்கு வந்தோம். எழுத்துமூல எச்சரிக்கை, கட்டாய மனநல ஆலோசனை, அவளிடமிருந்து விலகியிருக்க உத்தரவு என்று பரிந்துரைத்தோம். ஆனால் அதற்குள் பருவத் தேர்வு முடிந்திருந்தது. தேர்வறைக்குள் அவனை யாரும் விடவில்லை. ஒரு வருடம் போயிற்று. நாங்கள் கொடுத்த தண்டனையைவிடக் கொடுக்காத தண்டனை பெரிது.

முதல் கேள்வி கேட்டவர் “செய்தவன்தானே, போகட்டும்” என்பார். அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை. “அவனுக்கு ஒரு வருடம் போனதற்கு எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்” என்றாள். வகுப்பில் அவளோடு பேசுவதைப் பலர் நிறுத்தியிருந்தார்கள். எச்சரிக்கையோடு போயிருந்தால் அவர்களுக்கு அவள் மேல் கோபப்பட ஒன்றும் இருந்திருக்காது.

அக்டோபர் 8, கொஞ்ச நேரம் கழித்து

மேலே கடைசி வாக்கியத்தை நம்பாதீர்கள். எச்சரிக்கையோடு போயிருந்தாலும் அவள் மேல்தான் கோபப்பட்டிருப்பார்கள். கொஞ்சம் குறைவாக.

அக்டோபர் 11

யாரோ பாண்டியன் நெடுஞ்செழியனை இழுத்திருக்கிறார்கள். விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னால் மதுரை எரியும் என்று. ஐயா, எங்கள் கல்லூரியில் விசாரித்துவிட்டும் எரிந்தது. வேறு உவமை கொண்டு வாருங்கள்.

அக்டோபர் 12

குறுக்கு விசாரணை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு, புகார் கொடுத்தவளை நேருக்கு நேர் கேள்வி கேட்கலாமா கூடாதா. இது நீளும்.

1973இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கு. ராஞ்சி மருத்துவக் கல்லூரி. இரவில் மாணவர்கள் சிலர் பெண்கள் விடுதி வளாகத்துக்குள் நிர்வாணமாகப் புகுந்து திரிந்தார்கள் என்று மாணவிகளின் புகார். கல்லூரி ஆசிரியர்கள் கொண்ட குழு மாணவிகளின் வாக்குமூலத்தைத் தனியாகப் பதிவு செய்தது. பையன்கள் அப்போது அந்த அறையில் இல்லை. வேறு மாணவர்களின் புகைப்படங்களோடு இவர்களுடையதையும் கலந்து காட்டி அடையாளம் கேட்டார்கள். பிறகு பையன்களை அழைத்துக் குற்றச்சாட்டைச் சொல்லிப் பதில் வாங்கினார்கள். கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் இயற்கை நீதி, அதாவது ஒருவர் தரப்பை முறையாகக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்ற நெறி, மீறப்பட்டது என்று வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. இயற்கை நீதி எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தப் பெண்களைப் பையன்கள் முன்னால் நிறுத்தியிருந்தால் அதன்பின் பெண்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

இப்போது 2023 மே மாதத்துக்கு வாருங்கள். கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் மீது 2009இல் மாணவியர் கொடுத்த புகார். குழு கூட்டங்களை அடுக்கடுக்காக வைத்து அவசரமாக முடித்தது, அவர் இல்லாமலேயே விசாரணையை ஓட்டியது. வேலை போயிற்று. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அந்த அவசரம் தொடங்குவதற்கு முன் இருந்த நிலையிலிருந்து குழு மறுபடி விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்பியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று பெண்ணுக்கு, ஒன்று ஆணுக்கு என்று தோன்றும். நானும் பல நாள் அப்படித்தான் வகுப்பெடுத்தேன். இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். ராஞ்சியில் குழு ஒரு வசதியைக் குறைத்தது, அதற்கு ஈடாக வேறொன்றைச் செய்தது: படங்களைக் கலந்து வைத்தது, குற்றச்சாட்டை முழுதாகச் சொன்னது, பதிலைக் கேட்டது. கோவாவில் குறைத்தார்கள், ஈடு செய்யவில்லை.

இன்னொன்று. 2009இல் புகார் கொடுத்த மாணவியருக்கு 2023இல் என்ன வயதிருக்கும்? பதினான்கு வருடம் கழித்து ‘மறுபடி விசாரணை’ என்றால் அந்தச் செய்தி யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

அக்டோபர் 13

நடைமுறையில் நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டவருக்கு: எழுத்தில் கேள்விகள். எதிர்த்தரப்பு தன் கேள்விகளை எழுதித் தருவார். குழு படித்துப் பார்த்து, பொருந்தாதவற்றை நீக்கிவிட்டு, புகார் கொடுத்தவரிடம் கேட்கும். அவளும் அப்படியே அவருக்குக் கேள்வி தரலாம். நீக்கும் பட்டியல் எளிது என்று நினைப்பீர்கள். என்ன உடை, முன்பு யாரோடு பழகினாய், இதெல்லாம் ஒரே கோட்டில் அடிபடும். கஷ்டம் நடுவில் கிடக்கும் கேள்விகளில்தான். “அந்த வாரம் அவள் எனக்கு ஏன் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினாள்?” இது பொருத்தமா, இல்லையா? ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். கேட்டோம். “ஆய்வு நெறியாளருக்கு வாழ்த்து அனுப்பாமல் இருந்து பாருங்கள்” என்றாள். அந்தப் பதிலே எங்களுக்குப் பெரிய சாட்சியம். நீக்கியிருந்தால் கிடைத்திருக்காது.

வழக்கறிஞரை இரண்டு தரப்பும் அழைத்து வரக் கூடாது. சமம்தான். ஆனால் எதிர்த்தரப்பு இருபது வருடம் கோப்புகளோடு வாழ்ந்த பேராசிரியர், புகார் கொடுத்தவள் இருபத்துமூன்று வயது ஆய்வாளர் என்றால் அந்தச் சமம் காகிதத்தில்தான். அவர் பதிலில் பத்தி எண்கள் இருக்கும், இணைப்பு அ, இணைப்பு ஆ இருக்கும். அவளுடையது கோடு போட்ட தாளில் ஒன்றரைப் பக்கம்.

அக்டோபர் 16

சின்ன விஷயம், ஆனால் என் தலையிலிருந்து போகவில்லை. எங்கள் கூட்டக் குறிப்புகளைத் தட்டச்சு செய்தவர் மிக நல்ல மனிதர். ஒரு வழக்கின் குறிப்பை முழுதாகத் திரும்பப் படித்தபோது பார்த்தேன்: “மாணவி அழுதார். ஐந்து நிமிடம் இடைவேளை.” அடுத்த வாரக் கூட்டத்தில் அந்தப் பையனும் அழுதான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்ததே நான்தான். குறிப்பில் இருந்தது: “எதிர்த்தரப்பு சற்று நேரம் பதில் அளிக்கவில்லை.”

பொய் ஒன்றும் இல்லை. அழும்போது பதில் அளிக்க முடியாது. ஆனால் மேல்முறையீட்டில் இதைப் படிக்கிறவர் ஒரு அழுத பெண்ணையும் ஒரு பதில் சொல்லத் திணறிய ஆணையும்தான் பார்ப்பார்.

அதற்குப் பிறகு யார் அழுதாலும் எழுத வேண்டாம், இடைவேளை நேரத்தை மட்டும் எழுதுங்கள் என்று சொன்னேன். அழுகை சாட்சியம் இல்லை. அழாததும் இல்லை, கல் மாதிரி உட்கார்ந்து சொன்ன ஒரு பெண்ணை எங்கள் உறுப்பினர் ஒருவர் “கொஞ்சம்கூட வருத்தம் தெரியவில்லையே” என்று சந்தேகப்பட்டார். அவரை வெளியே அழைத்துப் போய்ப் பேச வேண்டியிருந்தது.

அக்டோபர் 17

பொய்ப் புகார் எத்தனை என்று கேட்டவருக்கு: நான் பார்த்ததில் தீய நோக்கத்தோடு கொடுத்தது என்று நிரூபணமானது ஒன்றுகூட இல்லை. நிரூபிக்க முடியாதவை உண்டு. இரண்டும் வேறு. ஆதாரம் போதவில்லை என்பதற்காகப் புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. தீய நோக்கம் என்றால் அதைத் தனியாக விசாரித்து நிலைநாட்ட வேண்டும். ‘நிரூபணமாகவில்லை’ என்று முடிவான ஒருவரை அதன்பிறகும் துறையில் ஜாடையாகப் பேசுகிறார்களே, அதற்கு எந்த விதியும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய பட்டியலில் அவரும் இருக்கிறார், வராந்தாவில் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்திருக்கிறேன்.

அக்டோபர் 19

சென்ற மாதம் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொல்கத்தாவில் உள்ள சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மேல் ஆசிரியை ஒருவர் கொடுத்த புகார். கடைசிச் சம்பவம் ஏப்ரல் 2023, புகார் டிசம்பர் 2023. மூன்று மாதம், காரணம் காட்டினால் மேலும் மூன்று மாதம், அதுதான் எல்லை. எல்லை தாண்டியது என்று தள்ளுபடி. ஆனால் அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் தன்விவரக் குறிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் உத்தரவு.

நான் அதை இரண்டு முறை படித்தேன். நடந்ததா இல்லையா என்று யாரும் விசாரித்து முடிவு சொல்லவில்லை. ஆசிரியைக்கு விசாரணை கிடைக்கவில்லை, துணைவேந்தருக்கு விசாரணையில்லாமலே தழும்பு. இரண்டு தரப்புக்கும் ஒரே அளவு அநியாயம் செய்வதும் ஒருவகைச் சமத்துவம் போலும்.

(நீதிபதிகளைக் குறைசொல்லவில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார் என் மகன். சேர்த்துவிட்டேன்.)

மூன்று மாதம் என்பது குறைவு. மதிப்பெண், ஆய்வேடு, பரிந்துரைக் கடிதம் எல்லாம் அந்த ஆளின் கையில் இருக்கும்போது ஒரு மாணவி வாய் திறக்க மூன்று மாதம் போதாது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

அக்டோபர் 23

சரி. முதல் நாள் தள்ளிப்போட்டதை எழுதுகிறேன்.

முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருத்தி, தன் நெறியாளர் மீது கொடுத்த புகார். மேலே வாழ்த்துச் செய்தி பற்றி எழுதினேனே, அவள்தான். நான் அப்போது உறுப்பினர். இரண்டு சாட்சிகள், இருவரும் அதே துறை ஆய்வாளர்கள். அவர் பெயர் கேட்டாலே நடுங்கினார்கள். “நாங்கள் சொன்னது அவருக்குத் தெரியக் கூடாது” என்றார்கள். நான்தான் முதலில் சரி என்றேன். அவர்கள் வாக்குமூலத்தின் நகலை அவருக்குத் தரவில்லை. பெயரை மறைத்துச் சாரத்தையாவது தரலாம் என்று வெளியிலிருந்து வந்த உறுப்பினர் சொன்னார். “அவருக்கு எதற்கு?” என்று நான் கேட்டேன். அதே வார்த்தைகள்.

அறிக்கை அவருக்கு எதிராகப் போயிற்று. தண்டனை. எங்களுக்கு நிறைவு. அவர் உயர் நீதிமன்றம் போனார். ஒன்றரை வருடம் கழித்து உத்தரவு வந்தது: சாட்சிகள் என்ன சொன்னார்கள் என்பதே தெரியாமல் ஒருவர் எப்படிப் பதில் சொல்வார்? மறுபடி விசாரியுங்கள். அவர் செய்யவில்லை என்று நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் துறையில் மறுநாளே “நிரபராதி என்று தீர்ப்பு வந்துவிட்டது” என்று இனிப்பு கொடுத்தார்கள்.

முதல் நாள் கேட்டவரே, நான் பிடிக்காமல் விட்ட குடை இதுதான். அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய ஒரு தாள். கொடுத்திருந்தால் நனைந்திருக்க வேண்டியவர் நனைந்திருப்பார்.

அக்டோபர் 24

“மறுவிசாரணையில் என்ன ஆயிற்று?” ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள்.

அதற்குள் நான் தலைவர். சாட்சிகளில் ஒருவர் வரவில்லை. புகார் கொடுத்த பெண் வேறு ஊரில் வேலைக்குப் போயிருந்தாள், ஆய்வை விட்டுவிட்டு. நேரில் வர முடியாது, எழுத்தில் பதில் தருகிறேன் என்றாள். எதிர்த்தரப்பு பதினொரு கேள்விகள் தந்தார். இன்னொரு முறை நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்ற பயத்தில் நான் அவற்றில் கை வைக்கவே இல்லை. பதினொன்றையும் அப்படியே அனுப்பினேன். வெளி உறுப்பினர் இந்த முறையும் ஏதோ சொல்ல வந்தார், நான் விதிமுறைப் புத்தகத்தைக் காட்டினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தட்டச்சு செய்து, பத்தி எண் போட்டு, இணைப்பு அ, இணைப்பு ஆ என்று ஒழுங்காக. ஒன்பது கேள்விகளுக்குப் பதில் இருந்தது. ஆறாவதும் பத்தாவதும் காலியாக இருந்தன. இரண்டுமே நான் அனுப்பியிருக்கக் கூடாத கேள்விகள்.